கொக்கி

அந்தப் படத்தில் மழை விடவே இல்லை.
இங்கே மண்டபத்தில் எட்டு மாதமாய்ச் சொட்டு இல்லை.
ஸ்பானிஷ் படமாம். ராயப்பன் போனில் ஏற்றிக் கொடுத்தான்:
"கீழ எழுத்து ஓடாது மாமா,
அடி விழுறப்ப தன்னால புரியும்."

ஐஸ் கம்பெனியில் ராத்திரிக் கணக்கு எனக்கு.
அம்மோனியா நெடி. கம்ப்ரசர் இரைச்சல்.
பேரேட்டில் சாய்த்துவைத்த போனுக்குள்
தராசு பழுதுபார்க்கிற ஒருத்தன்,
சட்டைப்பையில் இரண்டு பேனா,
சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைக்கிறான்.
யாரோ அவனைப் பெயர் சொல்லி அழைக்க
நான் "என்ன" என்று எழுந்துவிட்டேன்.
அவன் சந்தியாகோ. நான் சந்தியாகு.
வருகிற வழியில் கால் எழுத்து கடலில் கரைந்திருக்கிறது.

எங்கள் வீட்டுச் சுவரில் சந்தியாகப்பர்
வெள்ளைக் குதிரைமேல் வாளோடு இருப்பார்.
குளம்புக்கடியில் ஒருவன் கிடப்பான்.
அவன் யாரென்று ஆறு வயதில் கேட்டேன்.
சாமியைப் பார், கீழே என்ன பார்வை என்றார்கள்.

நாற்பதாம் நிமிடம் அவன் கையில் ஒரு பையைக் கொடுக்கிறார்கள்.
பாஷை தெரியாமலே விளங்கிற்று:
ஒரு ராத்திரிக்கு மட்டும்.
அதையே எனக்குச்
செவ்வாய்க்கிழமை தமிழில் சொல்லியிருந்தார்கள்.

கடன் இல்லை எனக்கு. கட்டிக்கொடுக்கப் பெண்ணும் இல்லை.
மாட்டேன் என்கிற சொல் எனக்குத்
தொண்டையிலிருந்து நாக்குக்கு வர நேரம் பிடிக்கும்,
அவ்வளவுதான்.
அது வந்து சேருமுன் ஐஸ் ரூமுக்குள் போய்விட்டன
அவித்து உலர்த்திய கடலட்டை நாலு மூட்டை.
'பாரை, 4 மூட்டை' என்று எழுதினேன்.
இருபத்திரண்டு வருடப் பேரேட்டில்
என் கையெழுத்தில் முதல் பொய்
மற்ற வரிகளைவிட அழகாக விழுந்திருந்தது.

வாசலில் பொலீரோ வந்து நிற்க, படத்தை நிறுத்தினேன்.
இரண்டு பேர்.
கொடுத்தவர்கள் இல்லை, வேறு ஆட்கள்.
ஐஸ் அள்ளுகிற பையன் வழிவிட்டானைப்
பிடரியில் பிடித்து
கிரஷர் வாய்க்கு நேராக அவன் கையைக் கொண்டுபோனார்கள்.
"எந்த ரூம்னு சொல்லு, கணக்கப்பிள்ளை."
சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக.
சொல் வர நேரமாயிற்று.
கை முந்திக்கொண்டது.

கொக்கி ஐஸ் பாரில் ஏறும் சத்தம் எனக்குத் தெரியும்,
தூக்கத்திலும் தெரியும்.
இது அந்தச் சத்தம் இல்லை.

ஒருத்தன் இன்னொருத்தனை இழுத்துக்கொண்டு போனான்.
வண்டி உச்சிப்புளிப் பக்கம் திரும்பியது.
உயிர் இருந்ததா, தெரியாது.
படத்திலென்றால் மழை வந்து கழுவிவிடும்.
நான் ஐஸ்தூளை அள்ளிப் போட்டேன்.
அது சிவந்து, வெளிறி,
திருவிழாவில் குச்சி செருகி விற்பார்களே, அந்த நிறத்துக்கு வந்து
விடியும்வரை கரைந்துகொண்டே இருந்தது.
வழிவிட்டான் சுவரோடு ஒட்டி நின்றான்.
அவர்களைப் பார்த்து மூடியிருந்த கண்ணை
என்னைப் பார்த்து மூட மறந்திருந்தான்.
மறுநாள் வரவில்லை.
அவன் சம்பளப் பாக்கி நானூற்றைம்பது
பேரேட்டில் நிற்கிறது.

மூட்டைகளும் அப்படியே. கேட்டு யாரும் வரவில்லை.
தினசரியில் ஒன்றுமில்லை,
கண்ணீர் அஞ்சலி வரைக்கும் படித்துப் பார்த்தேன்.
சனிக்கிழமை டோக்கன் கொடுத்து விசைப்படகுகள் கிளம்பின.
அதே கொக்கி. எண்பது பார் இழுத்துக் கொடுத்தேன்.
கை நடுங்கும் என்று காத்திருந்தேன்.
நடுங்கவில்லை.

"படம் முடிச்சாச்சா மாமா?" ராயப்பன், அணியத்தில் நின்றபடி.
பாதிதான் என்றேன்.
மீதியில் அவனைப் பிடித்துவிடுவார்களா என்று
கேட்க வாயெடுத்தேன்.
சொல் வந்து சேர்வதற்குள்
கயிறு அவிழ்ந்து
படகு கூப்பிடு தூரம் தாண்டியிருந்தது.