நாலு நிமிடம்

வழக்கறிஞர் கேட்டது பதினோராம் கேசட்டை.
பிரிவுபசார கேக்கின் கிரீம் இன்னும் மேசை ஓரத்தில் காயவில்லை.
முப்பத்தொரு வருடத்தைப் பத்துப் பெட்டிக்குள் அமுக்கிவிட்டு
லெம்பா பந்தாய் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேசட் முதுகில் என் பழைய கையெழுத்து:
லிசுட். டுரியான் மரங்கள், எல்லை.
22–26: தொடர்பற்ற பேச்சு.

அந்த நாலு நிமிடத்தைத் தாண்டிக் குதித்துத்தான்
முனைவர் பட்டம்,
வெளிநாட்டு மேடைகள்,
கதவில் பித்தளைப் பெயர்.

துறையில் மிஞ்சியது ஒரே டேப் ரிக்கார்டர்.
பெல்ட் அறுந்திருந்தது.
விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை உருவி மாட்டினேன்.
ஓடியது.

இருமல். நாய். யாரோ விறகு பிளக்கிறார்கள்.
மரங்களைப் பெயர் சொல்லி வரிசையாக அழைக்கிறார்:
மாமியார் விழுந்தாள்,
கரடி மூத்திரம்,
சின்னத் தங்கை.
இளவயது நான், அவசரமாக:
மொத்தம் எத்தனை?

எனக்காக நிதானமாக்கிய மலாயில் அவர் கேட்கிறார்,
நீ பிறந்த எஸ்டேட் எது?
சொல்கிறேன்.
ஆற்றோரமா?
ஆமாம், லயத்துக்குப் பின்னால் ஆறு.

அங்கே எங்களுக்குப் பன்னிரண்டு மரம் இருந்தது.
வெட்ட வந்தவன் உன்னைப்போலக் கறுப்பு.
காய்ச்சலில் கோடரியோடு நடுங்கிக்கொண்டிருந்தான்.
அப்பா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.
நான்தான் மொண்டு வந்தேன்.

டேப்பில் நான் சிரிக்கிறேன்.
சிரித்து,
சரி, எல்லைக்கு வருவோம், என்கிறேன்.

ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில்
எழுத்தர் பெயர்களை வாசித்தார்.
லிசுட் அனாக் குடோ. காலமானார்.
பவளக்கொடி அனாக் பெரெம்புவான் சின்னையா.
எங்கள் இருவரையும்
யாரோ ஒருவரின் பிள்ளை என்றுதான்
இந்த நாட்டின் அட்டை அழைக்கிறது.
பின்வரிசையில் லிசுட்டின் பேத்தி
குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தாள்.

அரசுத் தரப்பு எழுந்தது.
இந்த நாலு நிமிடம் உங்கள் நூலில் ஏன் இல்லை, பேராசிரியர்?

'தகவலாளி' என்றே அவரை எழுதி வந்த கை
தண்ணீர்க் குவளையைத் தேடிப் போனது.
யாரோ நகர்த்தித் தந்தார்கள்.

தொடர்பற்றது என்று நினைத்தேன், யாங் ஆரிப்.

யாருக்கு?

சொல்லத் தொடங்கினேன்.
எஸ்டேட், ஆறு, பன்னிரண்டு, கோடரி.
தட்டச்சர் கை உயர்த்தினார்:
மெதுவாக, டாக்டர்.
ஒவ்வொரு சொல்லும் பதிவாக வேண்டும்.