காளை: தெரியாது

திருத்துறைப்பூண்டியில் உரக்கடைக்கு மேலே
ஓர் அறை, மூன்று மேசை.
வாடகை நாலாயிரத்தை மூன்றால் வகுத்தால்
ஒரு ரூபாய் மிஞ்சும்.
அதை யார் கொடுப்பது என்ற சண்டையில்தான்
எங்கள் துறைகள் முதன்முதலாகப் பேசிக்கொண்டன.

செங்கொடிக்குக் கல்வியியல்.
ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில்
பிள்ளைகள் எங்கே ஒழுகிப்போகிறார்கள் என்று பார்ப்பவள்.
நஜ்முதீனுக்கு உம்பளச்சேரி மாடு.
எந்தக் கன்று எந்தக் காளைக்கு,
அந்தக் காளை எந்தக் காளைக்கு.
எனக்குப் பயன்பாட்டுக் கணிதம்:
மாடும் இல்லை, பிள்ளையும் இல்லை,
இருவரும் போடுகிற எண்களை
அசைபோடுவது மட்டும்.

பிறக்கும்போது செங்கல் நிறம்,
எட்டு மாதத்துக்குள் சாம்பல்.
அதற்கொரு வளைகோடு வரைந்து காட்டினேன்.
"நல்லாயிருக்கு" என்றார் நஜ்முதீன்,
"மாடு இன்னும் இதைப் படிக்கல."

கணினி ஓரிடத்தில் நின்றது.
இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் பிறந்த
முப்பத்தொரு கன்றுகள்.
தாய் உண்டு, காதுவில்லை உண்டு,
சுழிக்குறிப்புகூட உண்டு.
காளை என்ற கட்டத்தில்
ஒரே கையெழுத்தில் முப்பத்தொரு முறை:
தெரியாது.

மூன்றாம் இயலை நான் இப்படித்தான் தொடங்கியிருந்தேன்:
விடுபட்ட தரவுகள்
தற்செயலாக விடுபட்டவை எனக் கொள்க.
கொண்டால் கணக்கு ஓடும்.
எல்லோரும் கொள்கிறார்கள்.

அன்று மின்சாரம் இல்லை.
வேறு வேலையில்லாமல்
ஒவ்வொரு கன்றின் பிறந்தநாளிலிருந்தும்
சினைக்காலம் இருநூற்றெண்பத்தைந்து நாளைக் கழித்தேன், கையால்.
ஆகஸ்ட் இருபத்தெட்டு போய் விழுந்த இடம்
நவம்பர் பதினாறு.
அடுத்தது பத்தொன்பது. அடுத்தது இருபத்திரண்டு.
பேனாவை வைத்துவிட்டேன்.
இந்தப் பக்கத்தில் அந்தத் தேதியை
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

செங்கொடி மெதுவாகத் தன் பதிவேட்டைத் திருப்பினாள்.
நீர் ஏறிக் காய்ந்து அப்பளமாகிப் போன தாள்கள்.
அதே பதினைந்து நாள்.
"பள்ளிக்கூடம் முகாமா இருந்துச்சு,
நீக்கிடலாம்னு இருந்தேன்" என்றாள்.

மறுநாள் அஞ்சம்மாள் வீட்டில் கேட்டோம்.
எந்தக் காளை?
அவர் சாணி கரைப்பதை நிறுத்தவில்லை.
"வேலியே இல்லாதப்ப காளை என்ன, கடா என்ன.
கட்டுத்தறி இருந்த எடமே தெரியல.
மாடெல்லாம் தலைஞாயிறு பக்கம் போயிருச்சு.
பெரியாளுங்க கூரை பாத்தோம்.
புள்ளைங்கதான் தேடிப் போச்சுங்க."

புள்ளைங்கதான்.

வருகைப் பதிவில் வராதவர்களின் பெயரை
செங்கொடி வாசித்தாள்.
அஞ்சம்மாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாட்டைச் சொன்னார்.

அபிநேஷுக்கு இப்போது பத்தொன்பது வயது,
அறுப்பு மெஷின் ஓட்டுகிறான்.
வரப்பில் எஞ்சினை அணைக்காமலே சொன்னான்:
சவுக்குத் தோப்பு, மரமெல்லாம் படுத்துக் கிடந்தது,
நெற்றிப் பொட்டில்லாத ஒரு காளை,
எங்க செவலையோட ரெண்டு நாளா நின்னுச்சு,
ஓட்ட மனசு வரல.
"அப்புறம் பள்ளிக்கூடம் தொறந்தப்ப
மாடு வந்துருச்சு, நான் போகல."
சிரித்தான். வைக்கோல் தூசி.

வெளிக்காளை சேர்ந்தால்
உள்ளினப்பெருக்கக் கெழு இறங்கும்.
இறங்கியது. மந்தைக்கு நல்லது.
நஜ்முதீன் முகத்தில் வந்த மகிழ்ச்சியை
அவரே பாதியில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
செங்கொடியின் கோடும் அதே மாதம்தான் இறங்குகிறது.
இரண்டையும் ஒரே அச்சில் வரைய
எனக்குத் தெரியும்.
வரையவில்லை.

மூன்றாம் இயலின் முதல் வரியை அடித்தேன்.
இனி கணக்கு அவ்வளவு எளிதாக ஓடாது;
நெறியாளர் கேட்பார்.
முப்பது கட்டத்தில் தெரியாது, அப்படியே இருக்கட்டும்.
ஒன்றில் மட்டும் எழுதினேன்:
பொட்டில்லாதது. சவுக்குத் தோப்பு.
சாட்சி, ஏழாம் வகுப்பு, வருகை எண் நான்கு,
அன்று வரவில்லை.