இனம் என்ற கட்டத்தில்

இரவு இரண்டரை. மைனஸ் பதினொன்று.
வளைவில் லாரி இறங்குவது
வெளிச்சத்துக்கு முன்பே வாசனையில் தெரிந்துவிடும்.
ஓக் என்றால் பழைய ஒயின் பீப்பாய்.
பிராட் என்றால் யாரோ ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியதுபோல.
கார்பாத்தியன் மலையில் இந்தத் தடுப்புக்கட்டைக்கு
ஏழு வருடமாக நான், தோம்னிகா, காவல்.
கையில் டார்ச், மை உறைந்த முத்திரை, ஒரு படிவம்.
படிவத்தில் ஒரு கட்டம்: இனம்.

இலை இருந்தால் யாரும் சொல்லிவிடலாம்.
என்னிடம் வருபவற்றுக்கு இலை கிடையாது,
நின்ற இடம் கிடையாது.
பட்டையும் வெட்டுவாயும்தான்.

பீச் மரத்துக்கு யானைக்கால் போன்ற பட்டை
என்கிறது கையேடு.
யானையை நான் பார்த்ததில்லை.
என்றாவது பார்த்தால் பீச் என்று எழுதிவிடுவேன்.
கார்ப்பெனும் சாம்பல்தான், வழவழப்புதான்,
ஆனால் உடம்பெல்லாம் முறுக்கு,
ஈரக் கம்பளியைப் பிழிகிறவளின் முன்னங்கை.
ஆல்டர், வெட்டியதும் வெள்ளை.
கொஞ்ச நேரத்தில் சிவந்துவிடும்,
அறை வாங்கிய கன்னம்.
அதை வேறு பெயரில் கொண்டுவருகிறவர்கள்
வருகிற வழியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

மோலிட், பிராட்.
வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் கிறிஸ்துமஸ் மரம்.
மோலிட்டின் ஊசியிலைக்கு நாலு பட்டை,
விரலிடையில் உருளும்.
பிராட்டினுடையது தட்டை, உருளாது,
அடியில் இரண்டு வெள்ளைக் கோடு.
போன மாதம் ஒருவன் சாட்சிக்கென்று
முழுக் கூம்பு ஒன்றை நீட்டினான்,
பிராட் மரத்தடியில் பொறுக்கியதாம்.
பிராட்டின் கூம்பு கிளைமேல் நிமிர்ந்தே இருந்து
இருந்த இடத்திலேயே செதில் செதிலாக உதிரும்.
தரைக்கு முழுசாக வராது.
அவனுடைய அபராத ரசீதின்மேல்
அந்தக் கூம்பைத்தான் பாரமாக வைத்திருக்கிறேன்.

இன்று வந்தவன் நிகிஃபோர்.
மோலிட், விறகுக்கு, இருபத்திரண்டு கன மீட்டர்.
செம்பழுப்புப் பட்டை, சின்னச் சின்னச் செதில்.
ஒட்டியிருந்த சுள்ளியைத் தடவினேன்,
ஊசி உதிர்ந்த இடமெல்லாம் அரம்.
மோலிட்தான்.
முத்திரையை ஊதிச் சூடாக்கிக்கொண்டே
டார்ச்சை அடி வரிசைக்குத் தாழ்த்தினேன்.

நான்கு கட்டையின் வாயில் மட்டும் சேறு.
எல்லாம் உறைந்து கிடக்கிற மலையில்
ஏது சேறு?
ஒரு பிடி பனியை அள்ளித் தேய்த்தேன்.
கணுவே இல்லை.
நக அகலத்துக்குள் பன்னிரண்டு வளையம்,
எல்லாம் ஒரே சீராக.
எண்ணத் தொடங்கி, நூற்றெழுபதில்
என் மூச்சுப் புகையே மறைத்தது.
வயலினுக்குப் போகிற மரம்,
விறகு விலையில்.

"மோலிட் இல்லையென்று சொல்லேன் பார்ப்போம்"
என்றான் நிகிஃபோர்.
எப்படிச் சொல்வேன்?
அந்தக் கட்டத்தில் இந்த வாரம் வந்த ஒரே உண்மை
அவனுடையதுதான்.

கையுறையைக் கழற்றச் சொன்னேன்.
அந்த முனையில் நகத்தால் கீறு என்றேன்.
இந்த முனையில் காதை வைத்தேன்.
நான்கு மீட்டருக்கு அப்பால் அவன் விரல்,
என் காதுக்குள் எலி சோளம் கொறிக்கிறது.

"எனக்கு?" என்றான்.

இடம் மாறிக்கொண்டோம். நான் கீறினேன்.
கண்ணை மூடிக்கொண்டு
தேவைக்கு மேல் நேரம் சாய்ந்திருந்தான்.
மீசையில் பட்டைத் தூள்.
பிறகு தானாகவே போய்ச் சங்கிலியைத் தளர்த்தினான்,
என்னை, முதலாளியை, மலையைத் திட்டிக்கொண்டே.
மேலே இருப்பது அத்தனையும் இறக்கினால்தான்
அடி வரிசை வரும்.
விடிந்துவிடும்.

இனம் என்ற கட்டத்தில் மோலிட் என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்துக்குப் போவதற்குள்
பிசின் பிடித்த பெருவிரலில்
பேனா ஒட்டிக்கொண்டது.