நாலு வீட்டுக்கு ஒரு வரி

டிமிஷோவாராவில் அந்தக் குளிர்காலம்
எங்கள் படிக்கட்டில் நாலு வீட்டுக்கு ஒரே இணைப்பு.
கட்டணத்தை நாலாய் வகுத்து
முதல் தேதி கதவைத் தட்டுவான் நாலாம் மாடி டாச்சியன்.
சில்லறை இல்லாத மாதம்
வெங்காயம் கொடுத்துக் கணக்கைத் தீர்த்திருக்கிறேன்.

கேபிள் இறங்கிய வழி,
வெந்நீர்க் குழாய் தரையைத் துளைக்கும் ஓட்டை.
கரப்பான்கள் வெகுகாலம் முன்பே போட்டுவைத்த பாதை.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்...
எட்டு இழையையும் நகத்தால் நீவி நேராக்கி
கண்ணாடி முனைக்குள் செருகி
இடுக்கியால் ஒரு கடி.
அக்ரூட் உடைவது போலச் சத்தம்.

எண்ணும் கொடுத்தான்.
முன்பகுதி எல்லோருக்கும் ஒன்று, குலப்பெயர் மாதிரி.
கடைசி இலக்கம்தான் அவரவர்க்கு.
அவன் ஒன்று, எமெஷே இரண்டு, நான் மூன்று.
தரைத்தளத்து ராத்கோ நாலு;
இணைப்பு அறுந்தால்
கரண்டியால் குழாயில் இரண்டு தட்டுத் தட்டிக் கேட்பவர்.
டாச்சியன் மனைவி லவீனியாவின் பழைய மடிக்கணினி ஐந்து.
அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

பிரிண்டர் என்னிடம்.
ஆகவே ஊர் வேலையெல்லாம் என் சமையலறையில்,
இரவிலும் கணினியை அணைக்கக்கூடாது என்று உத்தரவு.
எமெஷே தையற்காரி.
நள்ளிரவில் மேலிருந்து ஒரு சட்டைக் கையை அனுப்புவாள்,
பிறகு காலர், பிறகு இடது மார்பு.
காலையில் பதினாறு தாளை ஒட்டினால்
யாரோ ஒரு மணப்பெண்.
ராத்கோ தன் புறாக்களின் வம்சாவளியை அனுப்புவார்.
மை என் செலவு என்பதை மட்டும்
எந்தக் கேபிளும் யாருக்கும் கொண்டுபோகவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள், இரவு ஒன்றரைக்கு,
அது முனகிக்கொண்டு எழுந்தது.
மூன்று தாள். ஸ்பானிய மொழி.
எனக்கு விளங்கியவை:
சாரகோசா, ஒன்பது மாதம், பீச் தோட்டம்,
கையெழுத்துக்கு ஒரு கோடு.
மூன்றாவது தாள் பாதியில் சிக்கிக்கொண்டது.
இழுத்தேன்.
மை ஈரமாக இருந்தது, கட்டைவிரலில் ஒட்டியது.

வெறும் காலுறையோடு டாச்சியன் இறங்கி வந்தான்.
வாங்கி நாலாய் மடித்தான்.
"லவீனியாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்."

மூன்று வாரம்
படிக்கட்டில் அவள் எதிர்ப்பட்டால்
சாவியைத் தேடுகிற பாவனையில் நின்றேன்.

அவன் பேருந்து ஏறிவிட்டான்.
ஏப்ரலில் ஓர் இடி.
கேபிள் முனை கருகி, நாலு வீடும் ஊமை.
லவீனியா அவன் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு
என் அலமாரியை நகர்த்தச் சொன்னாள்.
"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"
"அவன் போட்டபோதெல்லாம் டார்ச் பிடித்தது யார் என்று நினைத்தீர்கள்?"

குழாயோரம் குந்தி
கருகிய நுனியை வெட்டி எறிந்தாள்.
வெள்ளை ஆரஞ்சு. ஆரஞ்சு.
பிறகு, தலை நிமிராமலே:
"அச்சு வரிசை எல்லாக் கணினியிலும் தெரியும்.
யார் அனுப்பினார், கோப்பின் பெயர், எத்தனை பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் பிழை, பிழை என்று நின்றது.
நான் அடுக்களையில் உட்கார்ந்து
நீங்கள் அதை இழுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்."

இப்போது டார்ச் என் கையில்.
வெளிச்சம் ஆடியிருக்க வேண்டும்,
"நேராகப் பிடியுங்கள்" என்றாள்.

வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
ஒரு கடி.
சோதனைப் பெட்டியில் ஏழு விளக்குகள் வரிசையாய் எரிந்தன.
எட்டாவது எரியவில்லை.
ஹங்கேரிய மொழியில் ஒரு வசவு, எமெஷேயிடம் கற்றது.
வெட்டி மறுபடி தொடங்கினாள்,
கேபிள் ஒரு விரற்கடை குறைந்தது.

கீழிருந்து குழாயில் ராத்கோ:
டங், டங்.
வந்துவிட்டதா?

லவீனியா இடுக்கியைத் திருப்பிப் பிடித்து
அதே குழாயில்
ஒரே ஒரு தட்டு.

பொறுங்கள்.