மூன்று போல்ட் மிச்சம்

வாங்கிய அன்றே கேட்டான் நொல்பெர்த்தோ:
"இதைத் தூக்கத் தெரியுமா உனக்கு?"
தெரியாது.
புந்தா அரேனாஸின் தீர்வையில்லாக் கிடங்கில்
ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த என்ஜின்கள்
வரிசையாய்க் கிடந்தன.
மீன் வாங்குபவள்போல் ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்தேன்.
எரிந்த வாடை இல்லாத ஒன்றுக்கு
இரண்டு மாதச் சம்பளம்.
அதன் விலாவில் மஞ்சள் மையில் யாரோ எழுதியிருந்தார்கள்,
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்.
நல்லது என்றா, வேண்டாம் என்றா?

எங்கள் நிஸ்ஸானுக்கு வயது பத்தொன்பது.
விடியுமுன் படகுத்துறைக்கு டிக்கெட் கிழிக்கப் போகிற என்னை
ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை.
ஜூன் பனியில் ஒரு காலை
அண்டாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கிய சத்தம்.
அப்புறம் பேச்சில்லை.
பழைய இரும்புக்குப் போடு என்றான் மைத்துனன்.
போடவில்லை.
ஏன் என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை.

கோடை. இரவு பத்தரைவரை வெளிச்சம்.
எங்கள் தகரக் கொட்டகையைப்
பிடுங்கிப் போடத் துடிப்பதைத் தவிர
இந்த ஊர்க் காற்றுக்கு வேறு வேலையில்லை.
கழற்றுவது சுலபம்;
உடைக்க யாருக்குத்தான் தெரியாது.
ஹோஸ், ஒயர், ரேடியேட்டர் எல்லாம் வெளியே வந்தன.
ஒன்பது வயது டாங்கோ
போல்ட்டுகளைப் பைபையாய்க் கட்டி
மேலே பெயர் எழுதினான்:
"பெரிசு."
"பெரிசு இன்னொன்று."
"அம்மா கத்தியபோது விழுந்தது."

செயின் பிளாக்கை இழுத்தேன்.
உத்திரம் முனகியது.
பழைய என்ஜின் ஒரு சாண் எழும்பி
காற்றில் மெல்லத் திரும்பி
என்னைப் பார்த்தது.
வயிற்றைக் கலக்கியது எனக்கு.
அதுவரை வாசலில் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தவன்
கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து
உத்திரத்துக்குத் தோள் கொடுத்தான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
இறக்கிய பிறகு பார்த்தோம்:
அடிவயிற்றில் ஓர் ஓட்டை,
என் கட்டைவிரல் தாராளமாய் நுழைந்தது.

புதியது மூன்று சனிக்கிழமை அடம் பிடித்தது.
கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே
ஒரு விரற்கடை.
தள்ளினேன், கெஞ்சினேன், உதைத்தேன்.
கிளட்ச் தட்டு மயிரிழை விலகியிருந்ததாம்.
அது புரிந்தது படுக்கையில், இரவு இரண்டு மணிக்கு.
எழுந்து உட்கார்ந்து சிரித்தவளைப் பார்த்து
அவன் பயந்துபோனான்.

பிப்ரவரிக் கடைசி ஞாயிறு.
ஆயில் ஊற்றி, கூலண்ட் ஊற்றி,
சாவியைத் திருகினேன்.
டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.
மறுபடி திருகினேன்.
தகரம் மட்டும் படபடத்தது.
"சொன்னேனே" என்ற சொல்லை
நொல்பெர்த்தோ வாய்க்குள்ளேயே அதக்கி வைத்திருந்தான்,
கன்னம் உப்பியது தெரிந்தது.

டார்ச்சோடு அடியில் ஊர்ந்தவன் கத்தினான்:
"அம்மா, ஒரு கருப்பு ஒயர் சும்மா தொங்குது!"
எர்த் ஒயர்.
நாலு ரப்பர் சக்கரத்தில் நிற்பதற்கு மண் எட்டாது;
தன் பூமியைத் தனக்குள்ளேயே
அது மாட்டிக்கொள்ள வேண்டும்.
அதற்கான போல்ட்டும் கிடைத்தது:
"அம்மா கத்தியபோது விழுந்தது."

இருமியது. வெள்ளைப் புகை துப்பியது.
பிறகு ஓடியது.
உடனே அணைத்துவிட்டேன், பயத்தில்.
மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
மறுபடி போட்டேன்.

இப்போது தினமும் படகுத்துறைக்குப் போகிறேன்.
எங்கே சேர்ந்தவை என்று தெரியாத மூன்று போல்ட்
சாம்பல் கிண்ணத்தில் கிடக்கின்றன.
ஒவ்வொரு வளைவிலும் உருளும்.
"என்ன சத்தம் அது?" என்பான் நொல்பெர்த்தோ,
சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.
"மிச்சம்" என்பேன்,
கியரை மாற்றிக்கொண்டே.