கைகளை நீட்டச் சொன்னவர்கள்

நான்கு மணித்தியாலத்துக்கு ஒருதரம்
ரேணுகா மிஸ் வருகிறாள்.
'அத் தெக்க திக் கரன்ன.'
இரண்டு கையையும் நீட்டுகிறேன்.
விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரிக்கிறாள்.
தாள் பேசத் தொடங்குகிறது.
அதன் பேச்சுக்கு எண் போடுகிறாள்: ஆறு.

பிறகு கேள்விகள்.
தோலுக்கடியில் ஏதும் ஊர்கிறதா?
வெளிச்சம் குத்துகிறதா?
இல்லாத குரல் கேட்கிறதா?
பெயர் என்ன, இன்றைக்கு என்ன திகதி,
இது எந்த இடம்?

கடைசி மூன்றும் எனக்குப் பழக்கம்.
வெள்ளவத்தைப் பாலத்தடியில், மணல்மூட்டைக்கு முன்னால்,
இருபத்திரண்டு வயதில், இப்படித்தான்
கை நீட்டிக்கொண்டு ஒப்புவித்தேன்.
அன்றும் நடுங்கின.
ஒருவரும் எண் போடவில்லை.
தர்மகுலசிங்கத்தை
அவன் 'தர்மே' என்று வெட்டினான்.
இவளும் தர்மே என்றுதான் கூப்பிடுகிறாள்.
ஆனால் ஊசி ஏற்றமுதல்
'கொஞ்சம் எரியும்' என்கிறாள்.

எரிந்தது. மஞ்சள் வைட்டமின், முழங்கைவரை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
கொள்ளுப்பிட்டியில், இரண்டாம் மாடியில்,
போன் திருத்துகிறவன் நான்.
உப்புக்கல் அளவுத் திருகாணி.
காலையில் கால் போத்தல் இறங்காமல்
டுவீசர் அதைப் பிடிக்காது.
நடுக்கம் நிற்கக் குடித்தேன்.
குடித்ததால் நடுங்கினேன்.
என் கணக்கு அவ்வளவுதான்.
தயாநிதியிடம் வேறு கணக்கு இருக்கிறது.
அதை அவள்தான் எழுதவேண்டும்.

இரண்டாம் இரவு
சுவருக்குள் போன்கள் அடித்தன.
திருத்தக் கொடுத்துவிட்டு
எடுக்க வராதவர்களின் போன்கள்,
லாச்சியில் வருசக்கணக்காய்க் கிடப்பவை,
ஒவ்வொன்றும் தன் பழைய மெட்டில்.
பதில் சொல்ல எழும்பினேன்.
சேலைன் குழாய் கையைப் பிடித்து இழுத்தது.
மிஸ் லைட்டைப் போட்டாள்.
'குரல் கேட்கிறதா?'
'குரல் இல்லை மிஸ். மிஸ்ட் கோல்.'
சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே எண்ணையும் எழுதினாள்.

பக்கத்துக் கட்டில் இர்ஷாத், கொம்பனித்தெரு.
அவனுக்குத் தூள்.
எனக்கு நடுக்கமென்றால் அவனுக்குக் கொட்டாவி.
கண்ணாலும் மூக்காலும் ஒழுக,
உரித்த கோழிபோலத் தோல் சிலிர்க்க,
போர்வைக்குள் காலை உதைத்தபடி
கரையோர ரயில் ஒவ்வொன்றையும்
சத்தத்திலேயே சொல்வான்:
இது பாணந்துறை. இது அளுத்கம. இது லேட்.
மூன்றாம் நாள் விடிய
தாளில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனான்.
'வைத்திய ஆலோசனைக்கு மாறாக' என்று
மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது.
எந்த மொழியில் வாசித்தானோ.
செருப்பைக் கட்டிலடியில் விட்டுவிட்டான்.
மறதியா, திரும்பிவர ஒரு சாட்டா.
கூட்டுகிற பெண் அதைச் சுற்றியே கூட்டுகிறாள்.

மாத்திரை நான்கு, மூன்று, இரண்டு.
பிறகு பாதி.
மற்றப் பாதி எங்கே போகிறதென்று
ஒரு பகல் முழுக்க யோசித்தேன்.
தாள் இப்போது முணுமுணுக்கிறது, அவ்வளவுதான்.
சோற்றில் உப்புக் குறைவென்று தெரிகிறது.
தயாநிதி வந்து ஒரு தோடம்பழத்தை வைத்துவிட்டு
உரிக்காமல் போனாள்.

ஐந்தாம் நாள் பின்னேரம்
மிஸ்ஸின் கண்ணாடிக் காம்பு கழன்றது.
திருகாணியை உள்ளங்கையில் ஏந்தி வந்தாள்.
'தர்மே, உங்கட வேலைதானே?'
கூரான எதுவும் வாட்டுக்குள் கூடாது.
நகத்தால் பார்த்தேன்.
துளை ஓரிடத்தில் இருந்தது,
என் விரல் ஏழெட்டு இடத்தில்.
மூன்றுதரம் விழுந்தது.
மூன்றுதரமும் அவளே குனிந்து தேடினாள்.

'நாளைக்கு' என்றாள்.
பிளாஸ்டர் சுற்றிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.
திருகாணியை ஒரு மாத்திரைக் கோப்பையில் போட்டு,
வெளியே என் கட்டில் இலக்கத்தை எழுதி,
இரவு மருந்துத் தட்டில் வைத்தாள்.