ஆகஸ்ட் முப்பத்தொன்று, டெஸ் மோய்ன்

சந்தை ஜூலையோடு கலைந்துவிட்டது.
இனி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள முடியாது.
தரையில் கிடப்பதை
வேண்டுமானால் பொறுக்கிக்கொள்ளலாம்.

கோர்லிஸ் பதினோரு நாளாக
எந்த அணியின் ஆளும் இல்லை.
கராஜ் கதவில் சாக்பீஸால் கட்டம் போட்டு
இடக்கையால் எறிகிறான்.
தகரம் அதிர, எதிர்வீட்டு நாய் குரைக்கிறது.
எண்ணக்கூடாது என்று சொல்லிக்கொண்டே
எண்ணுகிறேன்: எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று.

முதல்முறை இவனை விற்றபோது
பதிலுக்கு ஒரு கேட்சர் வந்தான்.
அடுத்த முறை,
'பெயர் பிறகு அறிவிக்கப்படும்' ஒருவன்.
அந்தப் பெயரை
யாரும் அறிவித்ததாக எனக்கு நினைவில்லை.

இன்று நள்ளிரவுக்குள்
ஏதாவதொரு ஏட்டில் ஏறாவிட்டால்
அக்டோபர் ஆட்டங்கள் இவனுக்கு இல்லை.

ஒன்பது நாற்பதுக்கு ஏஜெண்ட் அழைத்தார்.
டக்கோமாவில் ஓர் இடம். சின்ன அணிதான்,
ஆனால் பெரிய அணியின் ஏடு.
"எனக்கு என்ன கொடுத்தார்கள்?"
பழக்கதோஷம், கேட்டுவிட்டான்.
ஒன்றுமில்லை.
ஒரு விமான டிக்கெட், அதுவும் நடு இருக்கை.

முப்பத்தாறு வயதில் முதல்முறையாக
யாரையும் இடம்பெயர்க்காமல் போகிறேன் என்று
சிரித்தான்.

இடம் எப்படிக் காலியானது என்று
நான்தான் கேட்டேன்.
வெண்டலுக்கு முழங்கை கிழிந்துவிட்டதாம்.
மார்ச்சில், கொட்டும் மழையில்,
எங்கள் வண்டிக்குத் தன் பேட்டரியிலிருந்து
உயிர் கொடுத்தவன்.

கோர்லிஸ் கட்டத்தை
ஈரத்துணியால் துடைக்கப் போனான்.
ட்ரையரில் இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.
காத்திருக்கவில்லை.
சாக்ஸை ஈரத்தோடே பையில் திணித்தேன்.